டீன் வேறு, டி வேறு

டிராம்பே சீத்தா கேம்பில் நம் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். அவர் 50 சட்டைகளுக்குப் பட்டன் தைத்தார். கணக்கு எழுதியவர் "பிப்டீன்" என்றார். அக்கா காதில் "பிப்டி" என்று விழுந்தது. தலையாட்டினார். 35 சட்டைகளின் கூலி போயிற்று.

இந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்ப்போமா?

'டென்' என்றால் பத்து. 'டீன்' என்பதும் அதே பத்துதான். பிப்டீன் என்றால் ஐந்தும் பத்தும். நம் பதினைந்து போல.

'டி' என்றால் இத்தனை பத்து. பிப்டி என்றால் ஐந்து பத்து. நம் ஐம்பது போல.

11 மட்டும் 'லெவன்'. பத்து எண்ணிய பின் 'ஒன்று மிச்சம்' என்பது அதன் பழைய பொருள். 12 'டுவெல்வ்'. இரண்டு மிச்சம்!

காதில் சரியாக விழவில்லையா? "எழுதிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இப்போது நமக்குப் படிக்கத் தெரியுமே!