லே போனதும் ஜாகிங்கா? சமதளப் பாதை ஏன் மூச்சு முட்ட வைக்கிறது

டெல்லியில் விடிகாலை விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் லடாக்கின் லே நகரம் வந்துவிடும். சில்லென்ற காற்று, பளிச்சென்ற நீல வானம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரமே இல்லாத வெட்டவெளி. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. சென்னையில் தினமும் 5 கி.மீ. ஓடிப் பழகியவருக்கு அன்று மாலையே கால் பரபரக்கும். ‘ஃபிட்டாதானே இருக்கோம், மெதுவா ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்’ என்று தோன்றும்.

அந்த ஒரு ரவுண்டில்தான் பலரின் லடாக் பயணம் கெட்டுப்போகிறது.

ஓடுபாதைகளைக் காட்டும் ஆப்களில் ஒரு பாதைக்கு ‘ஈஸி’ என்று போட்டிருந்தால், தூரம் குறைவு, ஏற்றம் குறைவு என்றுதான் அர்த்தம். அங்கே காற்று எப்படி இருக்கும் என்பது அந்தக் கணக்கில் வராது. லே நகரம் இருப்பது சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதாவது, லேவின் கடைத்தெருவில் நின்றாலே தொட்டபெட்டாவை விட 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் நிற்கிறீர்கள்.

‘மேலே ஆக்சிஜன் கம்மி’ என்று சொல்வது பாதி உண்மை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவுதான் லேவில் இருக்கிறது. எனவே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு ஆழமாகும். சென்னையில் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் அங்கே ஓடினால், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது.

மூச்சு வாங்குவதோடு முடிந்தால் பரவாயில்லை. சிக்கலே, உடம்பு தாமதமாகத்தான் புகார் சொல்லும் என்பதுதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, அசதி என வரும் மலை நோய் பெரும்பாலும் உயரத்துக்குப் போன 6 முதல் 12 மணி நேரத்தில்தான் தலைகாட்டும். காலையில் இறங்கியவருக்கு மாலை வரை எல்லாம் நன்றாகவே இருக்கும். ஓடிவிட்டு வந்து படுத்த பிறகு, நள்ளிரவில் மண்டையைப் பிளக்கும்.

உடற்தகுதி இதற்குக் கவசம் இல்லை. மாரத்தான் ஓடியவருக்கும் வரும்; ஜிம் பக்கமே போகாதவருக்கு வராமலும் இருக்கும். சொல்லப்போனால் ஃபிட்டான ஆட்களுக்குத்தான் ஆபத்து அதிகம், அவர்கள்தானே முதல் நாளே ஓடுகிறார்கள்! மலை நோய் பற்றிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்றே 1,925 இந்திய ராணுவ வீரர்களிடம் செய்யப்பட்டு 1969-ல் வெளியானது. திடகாத்திரமான இளைஞர்கள்தான் அவர்களும்.

இதைவிட மோசமானது நுரையீரலில் நீர் கோப்பது. பொதுவாக இரண்டாவது இரவிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். ஆரம்ப நாட்களின் கடும் உழைப்பு அதற்கான வாய்ப்பைக் கூட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடாமல் இருமினாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. ஆக்சிஜன் கொடுப்பதும் உயரத்திலிருந்து இறக்குவதும்தான் முதல் சிகிச்சை. ஆனால் லேவிலிருந்து சாலை வழியாக இறங்குவது லேசில்லை. மணாலி சாலையில் 5,300 மீட்டர் உயர டக்லங் லா கணவாய், ஸ்ரீநகர் சாலையில் 4,100 மீட்டர் உயர ஃபோடு லா. கீழே போக முதலில் இன்னும் மேலே ஏற வேண்டும்.

இன்னொரு ஏமாற்று வேலை, வியர்வை. சென்னைப் புழுக்கத்தில் பத்து நிமிடம் ஓடினாலே டி-ஷர்ட் நனைந்து ஒட்டிக்கொள்ளும். லேவில் ஆண்டு மழையே சுமார் 100 மி.மீ.தான்; சென்னையில் பெய்வதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வறண்ட காற்றில் வியர்வை சுரந்த கையோடு ஆவியாகிவிடும். ‘வேர்க்கவே இல்லையே’ என்று தண்ணீர் குடிக்காமல் விடுவார்கள். பிறகு பார்த்தால் சட்டையில் உப்புக்கோடு இருக்கும். வெளிவிடும் மூச்சிலும் நீர் போகிறது. வெயிலும் குளிருக்குள் ஒளிந்துகொள்ளும்: ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். சன்ஸ்கிரீனும் கண்ணாடியும் அங்கே பந்தா சமாச்சாரம் இல்லை.

அப்படியானால் ஓடவே கூடாதா? ஓடலாம், அவசரப்படாமல். முதல் இரண்டு நாள் ஓய்வு. ஹோட்டலைச் சுற்றி மெதுவான நடை போதும். மூன்றாம் நாள் கொஞ்சம் நீண்ட நடை. தலைவலி இல்லை, நன்றாகத் தூங்குகிறோம் என்றால் அதற்குப் பிறகு லேசான ஓட்டம், அதுவும் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். வாட்ச் காட்டும் வேகத்தை மறந்துவிடுவது நல்லது. மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், குறிப்பாக சல்ஃபா மருந்து அலர்ஜி உள்ளவர்கள். 2012 முதல் நடக்கும் லடாக் மாரத்தானிலும் வெளியூர்க்காரர்கள் பல நாள் முன்பே வந்து பழகிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

லேவிலிருந்து சுமார் 15 கி.மீ. தள்ளி இருக்கும் ஷே, அங்கிருந்து சில கி.மீ. தூரத்தில் திக்சே மடம், இரண்டுக்கும் நடுவே உள்ள வெட்டவெளி இப்படி ஓடத் தோதான இடம். மணல் நிறப் பரப்பில் வெள்ளை வெள்ளையாகச் சோர்டன் எனப்படும் பௌத்த ஸ்தூபிகள் சிதறிக் கிடக்கும். அவற்றைக் கடக்கும்போது வலப்பக்கமாக வைத்துப் போவது அங்குள்ள வழக்கம். நம்மூர் கோயிலில் வலம் வருவதைப் போலத்தான். எந்தத் திசையில் சுற்றுவது என்ற கேள்விக்கு அதுவே பதில்.

விடிந்தும் விடியாமலும் கிளம்ப வேண்டாம். குளிர் ஒரு பக்கம், லே வட்டாரத்துத் தெருநாய்கள் மறுபக்கம். பிற்பகலில் காற்று கிளம்பிப் புழுதி பறக்கும். வெயில் ஏறிய காலைதான் சரியான நேரம். சுற்றுப்பாதை என்பதால் பாதி தூரம் போனபின் குறுக்கு வழி கிடையாது. அதனால் போகும்போது மண்பாதை, திரும்பும்போது நெடுஞ்சாலை ஓரம் என்று வைத்துக்கொள்ளலாம். கால் ஓய்ந்துபோனால் கைகாட்டி நிறுத்த அங்கே வண்டியாவது வரும்.