கணக்குக் கிடங்கையும் கவனிப்போம்!



கீழமாசி வீதி மொத்தக் கடையானாலும், பசுமலைச் சில்லறைக் கடையானாலும் இன்று பில் போடுவதும் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பதும் கணிப்பொறியில்தான். சரக்குக் கிடங்கை அன்றாடம் பார்வையிடும் நாம், கணக்குக் கிடங்காகிய ஹார்டு டிஸ்கை எட்டிப் பார்ப்பதில்லை. அது நிரம்பிவிட்டால் கூட்ட நேரத்தில் பில் பதிவாகாமல் நின்றுவிடும். இதைத் தவிர்க்க இரண்டு வசதிகள் உள்ளன.

கோட்டா

ஒரே கிடங்கில் அரிசி, பருப்பு, வெல்லம் வைப்பவர் ஒவ்வொன்றுக்கும் இடம் பிரித்து வைப்பார். டிஸ்கில் அப்படி இடம் பிரிப்பதே 'கோட்டா'. விண்டோஸ் 2000 முதலே இந்த வசதி உண்டு. கடையில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் இருந்தால்தான் இது பயன்படும். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் யார் எவ்வளவு இடம் பிடித்தார் என்பதே தெரியாது. எச்சரிக்கை அளவு, உச்ச அளவு என இரண்டு குறிக்கலாம். உச்ச அளவைத் தாண்டினால் இடம் மறுக்கும்படியும் தனியே குறிக்க வேண்டும். இல்லையேல் கணக்கு மட்டும் காட்டும், தடுக்காது. பில் போடும் பயனருக்கு மட்டும் தாராளமாக இடம் விடுங்கள். அங்கே இறுக்கினால் வியாபாரமே நிற்கும்.

ஸ்னாப்ஷாட்

பேரேட்டில் தப்பு நேர்ந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது, கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்து எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் பழக்கம். பழைய தொகை கண்ணுக்குத் தெரியும். ஸ்னாப்ஷாட்டும் அப்படித்தான். 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். முறையில் புதிய விவரம் பழையதன் மேல் எழுதப்படாமல் வேறிடத்தில் எழுதப்படுகிறது. ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் பழையது அப்படியே காக்கப்படும். எடுக்க ஒரு நொடி போதும். தொடக்கத்தில் இடமும் பிடிக்காது. மாலை நான்கு மணிக்குக் கணக்குக் கோப்பு கெட்டால் நண்பகல் நிலையைப் பார்க்கலாம். ஆனால் முழு டிஸ்கையும் பின்னுக்குத் தள்ளினால் இடையில் போட்ட பில்கள் போய்விடும். வேண்டிய கோப்பை மட்டும் தனியே பிரதி எடுத்துச் சரிபார்ப்பதே நல்லது.

இரண்டும் மோதும் இடம்

பலர் குழம்புவது இங்கேதான். இடம் போதவில்லை என்று பழைய கேமராப் பதிவுகளை அழிப்பார்கள். காலி இடம் கூடாது. காரணம், ஸ்னாப்ஷாட் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. இசட்.எஃப்.எஸ்.ஸில் 'கோட்டா' ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்தே கணக்கிடும். 'ரெஃப்கோட்டா' நடப்புக் கோப்புகளை மட்டும் கணக்கிடும். எதை வைக்கிறோம் என்று தெரிந்து வையுங்கள். கேமராப் பதிவைத் தனிப் பகுதியில் வைத்து, அதற்கு ஸ்னாப்ஷாட் வேண்டாம் என்று விடலாம். கணக்குக்கு மணிக்கு ஒன்றாக ஒரு நாள், நாளுக்கு ஒன்றாக ஒரு மாதம், மாதத்துக்கு ஒன்றாக ஓராண்டு வைத்து, மற்றவை தாமாகவே கழியும்படி செய்யுங்கள்.

ஸ்னாப்ஷாட் காப்புப் பிரதி ஆகாது

டிஸ்க் எரிந்தால் அதிலுள்ள ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும். 2017 மே 12இல் உலகெங்கும் பரவிய வான்னாகிரை, கோப்புகளைப் பூட்டியதோடு விண்டோஸின் 'ஷேடோ காப்பி' பிரதிகளையும் அழித்தது. 2022 நவம்பர் 23இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் விவரங்கள் பூட்டப்பட்டன. பல நாட்கள் காகிதத்தில் எழுதியே வேலை நடந்தது. பாதிக்கப்படாத வேறொரு காப்பு சர்வரில் பிரதி இருந்ததால்தான் நோயாளிகளின் விவரங்கள் திரும்பக் கிடைத்தன. அத்தனை பெரிய நிறுவனத்தைக் காத்தது தனியே இருந்த ஒரு பிரதிதான்!

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். டிஸ்க் கெட்டது என்ற சமாதானம் அதிகாரியிடம் எடுபடும் என்று நம்பியிருக்கலாகாது. வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் பிரதி எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றி, கடையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பழைய பில்லைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி, வசூலாகாத பாக்கியைப் போன்றது. ஏட்டில் இருக்கும், கைக்கு வராது.

ஆயுத பூஜையன்று கணிப்பொறிக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறோம். மற்ற நாட்களிலும் அதன் கிடங்கைக் கொஞ்சம் கவனிப்போம்.