ரைபிளின் தோள்வாரும் அதன் தாங்கியும்



ரைபிளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் குழலைப் பற்றியும், குண்டின் வேகத்தைப் பற்றியும், குறிநோக்கியைப் பற்றியுமே பேசுவர். அதனைத் தோளில் தொங்கவிடும் வாரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், எல்லைக் காவலில் நிற்கும் ஒரு சிப்பாயைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவர் தம் ரைபிளால் சுடும் நேரம் சில நொடிகளாக இருக்கலாம். அதனைச் சுமக்கும் நேரமோ ஆண்டுக்கணக்கில் நீள்வது. ஏறத்தாழ 4 கிலோகிராம் எடையுள்ள அந்த ஆயுதம், குண்டுகள் நிரம்பிய பெட்டியைப் பூட்டியபின் இன்னும் கனக்கிறது. அவ்வளவு எடையும் வாரின் முனைகளில் உள்ள இரண்டு சிறு உலோகத் துண்டுகளை நம்பியே தொங்குகின்றது. அவற்றில் ஒன்று கழன்றால் ஆயுதம் பாறையில் விழுகிறது. அல்லது ஆற்றில் விழுகிறது. அல்லது பகைவன் கையில் சேர்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் படையிலும், துணைப்படைகளிலும், படைக்கலத் தொழிற்சாலைகளிலும் பணியாற்றுவோர் பலர். என்.சி.சி.யிலும் துப்பாக்கி சுடும் விளையாட்டிலும் பயிலும் பிள்ளைகளும் உளர். அவர்களுக்குப் பயன்படும் பொருட்டு, இக்காலத்து ரைபிள்களில் காணப்படும் 'ரெயில்' என்னும் அமைப்பில் தோள்வாரை மாட்டுவதற்கான தாங்கியை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதை இங்கு விளக்குவோம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வது நலம். ஆங்கிலத்தில் 'ஸ்லிங்' என்னும் ஒரே சொல் கல்லெறியும் கவணையும் குறிக்கும். துப்பாக்கியின் தோள்வாரையும் குறிக்கும். நாம் பேசுவது தோள்வாரை. 'ரெயில்' என்றதும் இருப்புப்பாதை நினைவுக்கு வரலாம். துப்பாக்கியில் அது குழலின் மேற்புறத்திலோ, முன்பிடியின் பக்கங்களிலோ நீளமாக அமைந்த ஒரு மேடு. சீப்பின் பற்களைப்போல் குறுக்கு வெட்டுகள் நிறைந்தது. வாரையும் ரெயிலையும் இணைக்கும் துண்டையே 'தாங்கி' என்கிறோம்.

பழைய ரைபிள்களில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. வங்காளத்தின் ஈசாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .303 லீ-என்ஃபீல்டு ரைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் முன்புறத்து இரும்புப் பட்டையில் ஒரு வளையமும், தோளில் பதியும் குந்தாவின் அடியில் மற்றொரு வளையமும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தன. வாரை அவற்றில் கோத்துக் கொள்வதன்றி வேறு வழியில்லை. அது உறுதியான ஏற்பாடு. ஆனால் வளையம் இருக்கும் இடத்தை மாற்ற இயலாது.

பின்னர்த் தொலைநோக்கி, கைவிளக்கு, முன்கைப்பிடி போன்ற துணைக்கருவிகள் ரைபிளில் ஏறத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமான திருகும் துளையும் தேவைப்பட்டதால் குழப்பம் மிகுந்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிக்காட்டின்னி என்னும் இடத்தில் உள்ள படைக்கல நிலையம் இதற்கு ஒரு பொது அளவை வகுத்தது. 1995-ஆம் ஆண்டில் அது அமெரிக்கப் படையின் தர அளவாக ஏற்கப்பட்டது. அதனால்தான் இவ்வமைப்பு 'பிக்காட்டின்னி ரெயில்' என்று வழங்குகிறது. இதன் ஒவ்வொரு குறுக்கு வெட்டும் 5.23 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் ஆழமும் கொண்டது. ஒரு வெட்டின் நடுவிலிருந்து அடுத்த வெட்டின் நடுவரை 10.01 மில்லிமீட்டர். 2009-ஆம் ஆண்டில் நேட்டோ நாடுகளும் இதனையொட்டித் தமக்கு ஓர் அளவை வகுத்துக்கொண்டன.

இந்த அமைப்பு நம் நாட்டுப் படையிலும் வந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டில் 72,400 எண்ணிக்கையில் வாங்க ஒப்பந்தமான சிக்-716 ரைபிளிலும், உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்துக் கோர்வா தொழிற்சாலையில் உருவாகும் ஏ.கே.-203 ரைபிளிலும் ரெயில்கள் அமைந்துள்ளன.

இனித் தாங்கியைத் தெரிந்தெடுக்கும் முறைக்கு வருவோம். நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டால் போதும்.

முதற் கேள்வி: ரெயில் எந்த வகையைச் சேர்ந்தது? பிக்காட்டின்னிக்கு முன்பே வழக்கில் இருந்த 'வீவர்' ரெயில் பார்வைக்கு ஏறக்குறைய அதனைப் போலவே இருக்கும். ஆனால் வீவரின் வெட்டு 4.57 மில்லிமீட்டர் அகலமே உடையது; வெட்டுகளுக்கு இடையே உள்ள தூரமும் எல்லாத் துப்பாக்கிகளிலும் ஒன்றாக இராது. ஆகவே வீவருக்கென்று செய்த தாங்கி பிக்காட்டின்னியில் பெரும்பாலும் அமரும். பிக்காட்டின்னிக்கென்று செய்த தாங்கி வீவரில் அமராமல் போகலாம். அண்மைக்கால முன்பிடிகள் சிலவற்றில் மேடே இராது. நீள்வட்டத் துளைகள் மட்டும் இருக்கும். 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த 'எம்-லாக்' அத்தகையது. அதற்கு அதற்கென்றே செய்த தாங்கி வேண்டும். அல்லது அத்துளைகளில் ஒரு சிறு ரெயில் துண்டைத் திருகிக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு ரைபிளின் ரெயில் முற்றிலும் வேறானது. அது மேடன்று, பள்ளம். முன்கட்டையின் அடியில் நீளவாக்கில் வெட்டிய ஒரு கால்வாய். கையை முட்டுக்கொடுக்கும் துண்டும், அதனோடு சேர்ந்த வார் வளையமும் அந்தக் கால்வாயில் வழுக்கிச் சென்று வேண்டிய இடத்தில் திருகால் நிற்கும். இங்கே வார், சுமப்பதற்கு அன்று; கையை உறுதியாக நிறுத்துவதற்கே பயன்படுகிறது. பன்னாட்டு விதிகளின்படி படுத்தும் மண்டியிட்டும் சுடும் நிலைகளில் வார் உண்டு. அதன் அகலம் 40 மில்லிமீட்டரை மிஞ்சலாகாது. நின்று சுடும் நிலையில் வார் கூடாது. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர்ப் போட்டியில் இம்மூன்று நிலைகளும் உண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் போட்டியிடும் 10 மீட்டர்க் காற்று ரைபிள் பிரிவிலோ நின்றே சுட வேண்டும். ஆதலால் வாருக்கே வேலையில்லை. எனவே சுடும் விளையாட்டில் சேர்ந்த பிள்ளைக்குத் தாங்கி வாங்கும் பெற்றோர், எந்தப் பிரிவு என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது கேள்வி: வாரின் முனை எத்தகையது? தாங்கிகள் பொதுவாக மூவகைப்படும். முதலாவது, வாரையே நேராகக் கோத்துக் கட்டும் நிலையான வளையம். இதில் கழல்வதற்கு உறுப்பே இல்லை, ஓசையும் குறைவு, ஆனால் வாரை விரைந்து அகற்ற முடியாது. வளையத்தின் வாய் வாரின் அகலத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். கடைகளில் கிடைக்கும் வார்கள் பெரும்பாலும் 25 அல்லது 32 மில்லிமீட்டர் அகலமுடையவை. அகன்ற வாரைக் குறுகிய வளையத்தில் திணித்தால் அது மடிந்து, மடிந்த இடத்தில் தேயும்.

இரண்டாவது, வார்முனையில் உள்ள கொக்கியை மாட்டுவதற்கான வளையம். மாட்டுவதும் கழற்றுவதும் எளிது. கோளாறு இருந்தால் கண்ணுக்கே தெரியும். ஆயின் உலோகத்தில் உலோகம் உராய்ந்து ஓசை எழும். இரவில் ரோந்து செல்வோருக்கு அந்த ஓசை தீங்காக முடியும்.

மூன்றாவது, இக்காலத்தில் பெரிதும் விரும்பப்படும் பொத்தான் வகை. தாங்கியில் ஒரு வட்டக் குழி. வாரின் முனையில் ஒரு குறுகிய தண்டு. தண்டின் பக்கங்களிலிருந்து சிறு எஃகுக் குண்டுகள் பிதுங்கி நின்று, குழியின் உட்சுவரில் உள்ள வரிப்பள்ளத்தில் சிக்கிக்கொள்கின்றன. பொத்தானை அழுத்தினால் குண்டுகள் உள்வாங்கும். தண்டு வெளியே வரும். வண்டியின் கதவில் வார் சிக்கிக்கொண்டாலும், நீரில் விழுந்தவர் ஆயுதத்தைக் களைய நேர்ந்தாலும், ஒரு விரலால் விடுபடலாம். ஆனால் குழியில் மணலோ சேறோ அடைந்திருந்தால் குண்டுகள் முழுவதும் வெளிவரமாட்டா. தண்டு பூட்டியது போலத் தோன்றும், பூட்டியிராது. ஆகவே மாட்டியபின் ஒவ்வொரு முறையும் பொத்தானைத் தொடாமல் வலுவாக இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளவேண்டும். மேலும், தண்டு குழிக்குள் தடையின்றிச் சுழன்றால் வார் கயிறு போல் முறுக்கிக்கொள்ளும். சுழற்சியை ஓரளவோடு நிறுத்தும் வெட்டுகள் உள்ள குழியைத் தேர்ந்தெடுத்தால் இத்தொல்லை நீங்கும்.

மூன்றாவது கேள்வி: தாங்கி ரெயிலை எவ்வாறு பற்றுகிறது? மேட்டின் இரு விளிம்புகளையும் தாங்கியின் இரு தாடைகள் கவ்வுகின்றன; இது எல்லாத் தாங்கிகளிலும் உண்டு. ஆனால் நல்ல தாங்கியில், ரெயிலின் குறுக்கு வெட்டில் இறங்கி அமரும் ஒரு சட்டமோ, வெட்டின் வழியாகச் செல்லும் திருகாணியோ இருக்கும். சுடும்போது எழும் பின்னுதைப்பும், ஓடும்போது வாரில் ஏற்படும் இழுப்பும் தாங்கியை நீளவாக்கில் தள்ளும். அதனைத் தடுப்பது அந்தக் குறுக்குச் சட்டமே. அஃதின்றி வெறும் கவ்வுதலை மட்டும் நம்பியிருக்கும் தாங்கி, நாளடைவில் நகரும்.

திருகால் இறுக்குவதா, நெம்புகோலால் இறுக்குவதா என்பதும் இங்கே எழும் கேள்வி. அடிக்கடி கழற்ற வேண்டிய விளக்குக்கு நெம்புகோல் ஏற்றது. வார் தாங்கியோ ஒருமுறை பொருத்தியபின் அங்கேயே இருக்கவேண்டியது; அதற்குத் திருகே மேல். திருகின் மரையில் பிடிப்புப் பசை ஒரு துளி இட்டு இறுக்கி, திருகின் தலையிலிருந்து தாங்கியின் உடல்வரை வண்ணத்தால் ஒரு கோடு இழுத்துவைப்பது ஆயுதப் பொறுப்பாளர்களின் வழக்கம். திருகு தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். ரெயில் பிளாஸ்டிக்கால் ஆனதாயின், உலோகத் தாங்கியை அளவுக்கு மீறி இறுக்கினால் விளிம்பு நசுங்கிவிடும் என்பதையும் மறத்தல் ஆகாது.

நான்காவது கேள்வி: எந்த இடத்தில் பொருத்துவது? ரெயில் நீளமாக இருப்பதால் எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம் என்னும் உரிமை கிடைக்கிறது. அந்த உரிமையே பிழைக்கும் வழி செய்கிறது. முன்தாங்கியைக் குழலின் வாயை நோக்கிக் கொண்டு சென்றால் ஆயுதம் உடலோடு அமைதியாகப் படியும். ஆனால் குழலின் சூட்டில் வார் கருகலாம். தாங்கும் கைக்கும் இடம் குறையும். பின்னுக்குக் கொண்டுவந்தால் கைக்கு வசதி. ஆனால் நடக்கையில் துப்பாக்கியின் முன்பாகம் கவிழ்ந்து ஆடும். வலக்கையால் சுடுபவர்க்குப் பொதுவாக இடப்பக்கம் ஏற்றது. அப்போது ரைபிள் மார்பின்மேல் தட்டையாகக் கிடக்கும்.

பின்புறத்தில் ஒரே தாங்கியில் மாட்டும் ஒற்றைமுனை வாரும் உண்டு. தோளை மாற்றிச் சுடுவதற்கு அது வசதியானது. ஆனால் இரு கைகளையும் விட்டால் ரைபிள் ஊஞ்சல்போல் ஆடி முழங்காலில் இடிக்கும்; குழலின் வாய் தன் காலையே நோக்கும். நெடுந்தூரம் நடப்போர்க்கும் ஏணி ஏறுவோர்க்கும் இரு முனைகளிலும் மாட்டும் வாரே தக்கது.

குறி தவறாமை பற்றியும் ஒரு சொல். வாரைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்துச் சுடும்போது அந்த இழுப்பு தாங்கியின் வழியே ரெயிலுக்கும், ரெயிலின் வழியே முன்பிடிக்கும் செல்கிறது. முன்பிடி குழலைத் தொட்டுக்கொண்டிருந்தால் குழலும் சிறிதளவு வளையும். குண்டு படும் இடம் மாறும். குழலைத் தொடாமல் தனித்து நிற்கும் முன்பிடியில் இக்குறை மிகக் குறைவு. ஆகவே எந்த இழுப்போடு களத்தில் சுடப்போகிறோமோ, அந்த இழுப்போடே குறிநோக்கியைச் சரிபார்த்தல் வேண்டும்.

காஷ்மீரத்தில் 2016-ஆம் ஆண்டை ஒட்டிக் காவலர்களின் ஆயுதங்களைப் பறித்துச் செல்லும் நிகழ்ச்சிகள் நேர்ந்தன. காவலில் நிற்போர் ரைபிளைச் சங்கிலியால் இடுப்புக் கச்சையோடு பிணைத்துக்கொண்டு நிற்கும் படங்களை நேயர்கள் நாளேடுகளில் கண்டிருக்கக்கூடும். விரைவில் கழலும் தாங்கி வேண்டுமா, கழலவே கழலாத தாங்கி வேண்டுமா என்னும் கேள்விக்கு எல்லோர்க்கும் பொதுவான விடை இல்லை என்பதை அந்தச் சங்கிலி உணர்த்துகிறது. நெரிசலான சந்தையில் நிற்பவரின் அச்சம் பிறர் கை. படகில் செல்பவரின் அச்சம் ஆற்று வெள்ளம். தம் பணியில் எது முதலில் நேரக்கூடும் என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்றதைத் தெரிந்தெடுப்பதே முறை.

இதில் ஒரு வரம்பும் உண்டு. படையினர் தம் ரைபிள் அரசின் உடைமை என்பதை நினைவிற்கொண்டு, ஆயுதப் பொறுப்பாளரின் இசைவின்றி எதையும் பொருத்தலாகாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர்கள், ரைபிளை மாற்றியமைக்கும் வேலை எதையும் உரிமம் பெற்ற கடைக்காரரிடமே விடுதல் நன்று.

இறுதியாக, தாங்கியைப் பொருத்தியபின் செய்யவேண்டிய சோதனையைக் கூறி முடிப்போம். குண்டுப் பெட்டியைக் கழற்றுங்கள். அறையில் குண்டு இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். கீழே தடித்த மெத்தை ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் ரைபிளை வாரால் தொங்கவிட்டு, பலமுறை வெடுக்கென்று உயர்த்தி இறக்குங்கள். வாரை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுங்கள். பிறகு வண்ணக் கோட்டைப் பாருங்கள். கோடு முறியாமலும் தாங்கி இடம் பெயராமலும் இருந்தால், அந்தத் தாங்கியை நம்பித் தோளில் மாட்டலாம். மாதம் ஒருமுறை இச்சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படாது.