வானிலிருந்து டைம் லேப்ஸ்: 8 நிமிடத்தை 10 விநாடியாக்கலாம்!

மேகக் கூட்டம் விரைந்து ஓடுவதையும், சாலையில் வாகனங்கள் எறும்பு வரிசை போல ஊர்வதையும் சில விநாடிகளில் காட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். இவற்றை டைம் லேப்ஸ் என அழைக்கிறோம். கேமரா பொருத்திய ட்ரோன் இருந்தால், இதனை உயரத்திலிருந்தும் எடுக்கலாம். ஆனால் ட்ரோனை மேலே அனுப்பும் முன்னர் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கீழே இறக்கிய பின்னர் கம்ப்யூட்டரில் கொஞ்சம் வேலை பார்க்க வேண்டும். இரண்டையும் இங்கு காணலாம்.

முதலில் கணக்கு

வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் போட்டோக்களே. ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடுவதாக வைத்துக் கொள்வோம். 10 விநாடி வீடியோவிற்கு 250 படங்கள் தேவை. 2 விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் 500 விநாடிகள், அதாவது 8 நிமிடம் 20 விநாடி, ட்ரோன் வானில் நிற்க வேண்டும். பார்க்கும்போது காட்சி 50 மடங்கு வேகத்தில் ஓடும்.

இங்குதான் பேட்டரி குறுக்கே வருகிறது. பெட்டியில் 30 நிமிடம் என்று அச்சிட்டிருந்தாலும், அது காற்றில்லாத சூழலில் அளந்தது. மேலே ஏற, திரும்பி வர, அவசரத்திற்கு என ஒதுக்கிவிட்டால் படம் எடுக்க 18 நிமிடம் கிடைக்கலாம். 2 விநாடி இடைவெளியில் அது 540 படங்கள். வீடியோவில் சுமார் 21 விநாடி. மேகம், வாகனம், படகு ஆகியவற்றிற்கு இது தாராளம். பூ மலர்வது, பகல் முழுவதும் நிழல் நகர்வது போன்றவற்றிற்கு ட்ரோன் உதவாது. அவற்றிற்கு ட்ரைபாட் ஸ்டாண்டில் வைத்த சாதாரண கேமராவே போதும்.

தூரம் உதவும்

ஜி.பி.எஸ். உதவியுடன் ட்ரோன் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றினாலும், அது ஒன்றரை மீட்டர் வரை அங்குமிங்கும் நகரும். 15 மீட்டர் தூரத்தில் உள்ள கோபுரத்தை எடுத்தால், 1920 பிக்ஸெல் அகல வீடியோவில் இந்த நகர்வு சுமார் 137 பிக்ஸெல் குதிப்பாகத் தெரியும். அதே கோபுரம் 300 மீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 7 பிக்ஸெல்தான். எனவே தூரத்துக் காட்சிகளையே தேர்ந்தெடுங்கள். அருகில் மரக்கிளையோ கம்பமோ படத்தில் விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

கேமரா செட்டிங்ஸ்

எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், போகஸ் மூன்றையும் ஆட்டோவில் விடக்கூடாது. ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு மேகம் கடக்கும்போதும் கேமரா வெளிச்சத்தை மாற்றும். வீடியோ டியூப் லைட் போல மினுக்கும். மேனுவலில் ஒருமுறை அமைத்து அப்படியே விட்டுவிடுங்கள்.

டி.ஜே.ஐ. நிறுவனம் 2018ல் வெளியிட்ட மேவிக் 2 ட்ரோனில் ஹைபர்லேப்ஸ் என்ற வசதியைத் தந்தது. நகர்ந்துகொண்டே படங்களை எடுத்து, ட்ரோனே வீடியோவாக்கித் தரும். இத்தகைய வசதி இருந்தாலும், ஒரிஜினல் போட்டோக்களையும் சேமிக்கும்படி அமைத்திடுங்கள். தயார் வீடியோவில் குறை இருந்தால் சரிசெய்ய அவைதான் உங்களுக்குத் துணை.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது

ஒரு படம் 5 எம்பி என்றால் 250 படங்களுக்கு 1.25 ஜிபி இடம் வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் உள்ளதா எனப் பார்த்துக் கொள்ளுங்கள். பின்னர் இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட் சாப்ட்வேரை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும்.

1. மெமரி கார்டில் உள்ள படங்களைப் புதிய போல்டர் ஒன்றில் காப்பி செய்திடவும். பைல் பெயர்களில் உள்ள எண்கள் இடையில் விடுபடாமல் வரிசையாக இருக்க வேண்டும்.

2. ஷாட்கட்டில் செட்டிங்ஸ் மெனு சென்று, வீடியோ மோட் பிரிவில் 1080பி, 25 பிரேம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

3. முதல் படத்தை மட்டும் திறந்து, பிராப்பர்ட்டீஸ் பகுதியில் இமேஜ் சீக்வென்ஸ் என்ற கட்டத்தில் டிக் செய்திடவும். மற்ற படங்கள் தாமாக வரிசையில் சேரும்.

4. படத்தின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால், பில்டர்ஸ் பிரிவில் சைஸ், பொசிஷன் அண்ட் ரொட்டேட் எடுத்து, பில் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

5. எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தி வீடியோவாகச் சேமிக்கவும். இன்னும் ஆட்டம் தெரிந்தால், அந்த வீடியோவைத் திறந்து ஸ்டெபிலைஸ் பில்டரைப் பயன்படுத்தலாம்.

வீடியோ முடிந்ததும் போட்டோக்களை அழித்துவிடாதீர்கள். வேறு டிஸ்க்கில் ஒரு காப்பி வைத்துக் கொண்ட பின்னரே மெமரி கார்டைக் காலி செய்திடவும்.

சட்டத்தையும் பாருங்கள்

இந்தியாவில் 2021ல் வந்த ட்ரோன் விதிகளின்படி, ட்ரோனைப் பதிவு செய்து அடையாள எண் பெற வேண்டும். 2 கிலோ வரையிலான ட்ரோனை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கும் பறக்கவிடலாம் என்று பொருளல்ல. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டியதில்லை. மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் அனுமதி அவசியம். சென்னை கத்திப்பாரா மேம்பாலம் டைம் லேப்ஸ் எடுக்க ஏற்ற இடமாகத் தோன்றும். ஆனால் விமான நிலையம் மிக அருகில் இருப்பதால் அனுமதியின்றி அங்கு ட்ரோனை ஏற்றக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் உள்ளது என்று முதலில் பாருங்கள்.

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. எனவே கடையில் பணம் கொடுக்கும் முன்னர், பில் தருவார்களா, பதிவு செய்ய முடியுமா என்று கேட்டுக் கொள்ளுங்கள். பதிவு செய்ய இயலாத ட்ரோன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

காற்று குறைந்த காலை நேரத்தில், ஆள் நடமாட்டமில்லாத திறந்தவெளியில் தொடங்குங்கள். முதல் முயற்சிக்கு 125 படங்கள் போதும். 5 விநாடி வீடியோ கிடைத்துவிடும்.