சாவி இருந்தும் திறக்காத கதவு

நள்ளிரவு மணி இரண்டு. சுங்கைப்பட்டாணியில் ஓர் இடைநிலைப்பள்ளி. அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் யாரோ ஒரு மாணவர் தம் கைப்பேசியில் பள்ளியின் இணையப் பக்கத்தைத் திறக்கிறார். தேர்வு அட்டவணை உடனே வந்து நிற்கிறது. அவருக்குப் பதில் சொன்னது யார்?

சேவையகத்தில் (சர்வர் என்று நாம் சொல்லும் கணினி) இரவு பகலாக விழித்திருக்கும் ஒரு நிரல்தான் அந்தப் பதிலை அனுப்பியது. இத்தகைய நிரலுக்கு ‘டீமன்’ என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். இது இயற்பியலிலிருந்து வந்த பெயர்.

1867இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு கற்பனைச் சோதனையைச் சொன்னார். வாயு நிரம்பிய பெட்டி, நடுவே சுவர், சுவரில் சிறு கதவு. அக்கதவருகே ஒரு குட்டி உயிர் உட்கார்ந்து, வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் ஓயாமல் பிரித்து அனுப்புகிறது. பின்னாளில் அதற்கு ‘மேக்ஸ்வெல்லின் டீமன்’ என்ற பெயர் நிலைத்தது. 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தில் கணினி ஆய்வு செய்தவர்கள், திரைக்குப் பின்னால் ஓயாமல் உழைக்கும் நிரல்களுக்கு அந்தப் பெயரையே சூட்டினார்கள்.

இணையத்துக்குச் சேவை செய்யும் டீமனுக்கு ஒரு சங்கடம் உண்டு. நண்பர் பகைவர் பாராமல் உலகில் உள்ள அனைவருக்கும் அது கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த நிரலில் ஓர் ஓட்டை இருந்துவிட்டால், ஊடுருவுபவர் அதன் வழியே உள்ளே புகுந்து டீமனின் வேடத்தில் உலாவலாம். ஓட்டையே இல்லாத நிரலை எழுதுவது மிகவும் அரிது. ஆகவே கணினிப் பாதுகாப்பில் இன்னொரு கேள்வியும் முக்கியமாகிறது: புகுந்தவரால் எவ்வளவு தூரம் போக முடியும்?

வீட்டுச் சாவியும் ஸ்டோர் சாவியும்

தோட்டத்து வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பது அம்மாவின் விருப்பம். பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கலாம், மாமாவிடமும் கொடுக்கலாம். சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் எல்லா அறைக்கும் போகலாம். லினக்ஸ் கணினிகளின் வழக்கமான பாதுகாப்பு இப்படித்தான் இயங்குகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார். தாம், தம் குழுவினர், மற்றவர் ஆகிய மூன்று தரப்பினருக்கும் படிக்க, எழுத, இயக்க உள்ள அனுமதிகளை அவரே முடிவு செய்கிறார். இதை ‘விருப்பவழிக் கட்டுப்பாடு’ எனலாம். இதில் ‘ரூட்’ என்ற தலைமைப் பயனர் ஒருவர் உண்டு. அவருக்கு இந்தத் தடைகள் பொருந்தாது. எல்லாக் கதவுக்கும் அவரிடம் சாவி இருக்கிறது.

இப்போது தோட்டத்து ரப்பர் ஆலைக்கு வாருங்கள். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் ஸ்டோரில் இருக்கிறது. துரையின் காரோட்டி, துரையின் சாவிக்கொத்தையே கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொறுப்பான கிராணி சாவியைப் பார்க்க மாட்டார். “அண்ணே, உங்க வேலைக்கு ஆசிட் எதுக்கு?” என்று கேட்பார். பட்டியலில் அந்த வேலைக்கு அமிலம் இல்லையென்றால் கதவு திறக்காது. இது ‘கட்டாயக் கட்டுப்பாடு’. சாவி யார் கையில் இருக்கிறது என்பதைக் கேட்பதோடு இது நிற்பதில்லை. வந்தவரின் வேலை என்ன, அந்த வேலைக்கு இந்தப் பொருள் தேவையா என்றும் கேட்கிறது.

2001இல் நடந்தது

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை ஒரு புழு நிரல் காட்டியது. இணைய முகவரிப் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் டீமன்களில் புகழ்பெற்றது ‘பைண்ட்’. இது 53 என்ற வாயில் எண்ணில் காத்திருக்கும். லினக்ஸில் 1024க்குக் கீழான வாயில் எண்களைத் திறக்கப் பொதுவாக ரூட் உரிமை வேண்டும். அதனால் பல இடங்களில் பைண்ட் ரூட் உரிமையோடே இயங்கிக்கொண்டிருந்தது.

2001 மார்ச்சில் ‘லயன்’ என்ற புழு, பைண்டின் எட்டாம் பதிப்பில் இருந்த ஓர் ஓட்டை வழியே லினக்ஸ் சேவையகங்களுக்குள் நுழைந்தது. நுழைந்ததும் கடவுச்சொற்களின் மறைகுறிகள் அடங்கிய ‘ஷேடோ’ கோப்பை எடுத்து மின்னஞ்சலில் வெளியே அனுப்பியது. சற்று யோசியுங்கள். பெயரை எண்ணாக மாற்றும் நிரலுக்குக் கடவுச்சொல் கோப்பில் என்ன வேலை? ஒன்றும் இல்லை. ஆனால் ரூட் சாவி கையில் இருந்ததால் யாரும் அதைக் கேட்கவில்லை.

அப்படிக் கேட்கும் காவலர் அப்போது உருவாகிக்கொண்டிருந்தார். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை ‘எஸ்இ லினக்ஸ்’ என்ற அமைப்பைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 2003இல் அது லினக்ஸின் கருநிரலில் இடம்பெற்றது. இன்று ஃபெடோரா, ரெட் ஹேட் ஆகிய லினக்ஸ் வகைகளில் அது தொடக்கத்திலிருந்தே இயங்குகிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் ‘ஆப் ஆர்மர்’ என்ற வேறோர் அமைப்பு அதே பணியைச் செய்கிறது.

இரண்டும் கருநிரலின் உள்ளே இருந்து காவல் காக்கின்றன. ஒரு டீமன் ஒரு கோப்பைக் கேட்டால், முதலில் வழக்கமான அனுமதி பார்க்கப்படும். அது ‘சரி’ என்றாலும் வேலை முடிந்துவிடாது. அடுத்து விதித்தொகுப்பு பார்க்கப்படும். இரண்டும் சம்மதித்தால்தான் கோப்பு கிடைக்கும். டீமன் ரூட் உரிமையோடு இயங்கினாலும் இதுவே விதி.

விதியை எழுதுவது எப்படி?

பள்ளி இணையத்தளத்தை நடத்தும் டீமனுக்கு ஆப் ஆர்மரில் வேலி போடுவதாக வைத்துக்கொள்வோம். வேலை நான்கு படிகளில் நடக்கும்.

முதல் படி, வேலைப் பட்டியல். தன் அமைப்புக் கோப்புகளையும் இணையத்தளக் கோப்புறையையும் படிக்க வேண்டும். தன் பதிவேட்டில் எழுத வேண்டும். 80, 443 ஆகிய வாயில்களில் காத்திருக்க வேண்டும். தான் இயங்குவதற்கு வேண்டிய துணை நிரல்களைப் படிக்க வேண்டும். ஆசிரியர்களின் சொந்தக் கோப்புறையோ மாணவர் விவரக் கோப்போ இந்தப் பட்டியலில் வராது.

இரண்டாம் படி, ஒத்திகை. விதியை உடனே கட்டாயமாக்கக் கூடாது. ‘புகார் நிலை’ என்று ஒன்று உண்டு. அதில் காவலர் பட்டியலில் இல்லாத செயலைத் தடுக்காமல், பதிவேட்டில் மட்டும் எழுதி வைப்பார். இந்நிலையில் இணையத்தளத்தின் எல்லா வேலைகளையும் செய்து பார்க்க வேண்டும். படம் ஏற்றுவது, டீமனை நிறுத்தி மீண்டும் தொடங்குவது போன்று எப்போதாவது நடக்கும் வேலைகளை மறந்துவிடக் கூடாது.

மூன்றாம் படி, பதிவேட்டை வாசிப்பது. ஒவ்வொரு வரியையும் பார்த்து, ‘இது வேலைக்குத் தேவையா?’ என்று கேட்க வேண்டும். தேவை என்றால் அந்தக் கோப்புக்கு மட்டும் அனுமதி எழுத வேண்டும். சோம்பல்பட்டு முழுக் கோப்புறைக்கும் அனுமதி கொடுத்தால் வேலியில் நாமே ஓட்டை போட்டதாகும்.

நான்காம் படி, ‘கட்டாய நிலை’க்கு மாற்றிச் சோதிப்பது. பக்கங்கள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்ப்பது பாதி வேலை. தடுக்கப்பட வேண்டியது உண்மையிலேயே தடுக்கப்படுகிறதா என்று பார்ப்பது மீதி வேலை.

நகலெடுத்தால் வரும், நகர்த்தினால் வராது!

எஸ்இ லினக்ஸின் வழி சற்று வேறு. அது ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு டீமனுக்கும் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டுகிறது. எந்தச் சீட்டுள்ள டீமன் எந்தச் சீட்டுள்ள கோப்பைத் தொடலாம் என்பதை விதித்தொகுப்பு சொல்கிறது.

இதில் ஒரு புதிர் உண்டு. ஒருவர் விளையாட்டுப் போட்டிப் படங்களைத் தம் சொந்தக் கோப்புறையிலிருந்து இணையத்தளக் கோப்புறைக்கு நகர்த்துகிறார். படிக்கும் அனுமதி எல்லாருக்கும் இருக்கிறது. ஆனாலும் ‘403, அனுமதி இல்லை’ என்று வருகிறது. அதே படங்களை நகர்த்தாமல் நகலெடுத்து வைத்திருந்தால் அவை ஒழுங்காகத் தெரிந்திருக்கும். ஏன்?

நகலெடுக்கும்போது புதிய கோப்பு பிறக்கிறது. அது தான் பிறந்த கோப்புறையின் சீட்டைப் பெறும். நகர்த்தும்போது பழைய கோப்பே இடம் மாறுகிறது. ‘சொந்தக் கோப்பு’ என்ற பழைய சீட்டு அதனுடனே வருகிறது. இணைய டீமன் அந்தச் சீட்டைத் தொடக் கூடாது என்பது விதி. சீட்டை அந்த இடத்துக்கு உரியதாக மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும்.

ஆனால் பலர் அதைச் செய்வதில்லை. எரிச்சலில் எஸ்இ லினக்ஸையே அணைத்துவிடுகிறார்கள். படம் தெரிகிறது, ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று போய்விடுகிறார்கள். புகை வரும்போதெல்லாம் அலறுகிறது என்று தீ எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பதற்கு இது சமம்.

அணைக்காதவர்கள் தப்பினார்கள்

2017 மே 24ஆம் நாள் ‘சாம்பா’ என்ற டீமனில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டது. லினக்ஸ் கணினியிலிருந்து விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர அலுவலகங்களில் பயன்படும் டீமன் அது. வானாகிரை என்ற பணப்பறிப்பு நிரல் விண்டோஸ் கணினிகளை முடக்கி இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. சாம்பாவின் ஓட்டையோ 2010இல் வந்த பதிப்பு முதலே இருந்தது. எழுதும் அனுமதியுள்ள பகிர்வுக் கோப்புறையில் தீய நிரல் ஒன்றைப் போட்டுவிட்டு, அதைச் சாம்பாவே எடுத்து இயக்கும்படி செய்துவிடலாம்.

எஸ்இ லினக்ஸ் இயங்கிய ரெட் ஹேட் கணினிகளில் அந்தத் தாக்குதல் பலிக்கவில்லை. சாம்பா தனக்கு வேண்டிய துணை நிரல்களை அவற்றுக்கு உரிய இடத்திலிருந்து மட்டுமே எடுக்கலாம் என்று விதி ஏற்கனவே இருந்தது. அந்த விதியை எழுதியவர்களுக்கு இந்த ஓட்டையைப் பற்றி எதுவும் தெரியாது. டீமனின் வேலை என்ன என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

வேலிக்கும் எல்லை உண்டு

இந்தக் காவல் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று எண்ணக் கூடாது. கருநிரலிலேயே ஓட்டை இருந்தால் காவலரும் ஏமாறலாம். டீமன் தன் வேலைக்காகப் படிக்க அனுமதி பெற்ற தகவலை, அதன் வேடத்தில் வந்தவரும் படிக்கலாம். ஆகவே ஓட்டைகளை அடைக்கும் மேம்பாடுகளை உடனுக்குடன் நிறுவுவதும், தேவையற்ற தகவலைச் சேர்த்து வைக்காமல் இருப்பதும் கட்டாயம்.

தகவல் கசிந்தால் என்ன ஆகும் என்பது நம் நாட்டுக்குத் தெரியும். 2017 அக்டோபரில், 4 கோடியே 62 இலட்சம் மலேசியக் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அதன் காரணத்தை ஆராய்வதற்காக இதை இங்கே குறிப்பிடவில்லை. விளைவை எண்ணிப் பார்க்கத்தான். கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். அடையாள அட்டை எண் போனால் எதை மாற்றுவது?

மாணவர்களே, இந்தக் காவல் எங்கோ பெரிய நிறுவனத்தில் இருப்பது என்று நினைக்காதீர்கள். உங்களிடம் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால் அது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் எஸ்இ லினக்ஸ் அதில் முழுமையாகக் கட்டாய நிலையில் இயங்குகிறது.

செய்து பார்க்க ஆசையா? வீட்டில் பழைய கணினி ஒன்று இருந்தால் உபுண்டுவை நிறுவி, ஓர் இணைய டீமனை ஓட்டி, மேலே சொன்ன நான்கு படிகளையும் முயன்று பாருங்கள். செலவு எதுவும் இல்லை. உங்கள் சொந்தக் கணினியில் மட்டும் செய்யுங்கள். பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும்.

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலோ வேறு எங்கோ, நாளை உங்களில் ஒருவர் ஒரு சேவையகத்துக்குப் பொறுப்பாக இருக்கலாம். ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று மேலதிகாரி அவசரப்படுத்தும்போது, காவலை அணைத்துவிடக் கை பரபரக்கும். அப்போது பதிவேட்டைத் திறந்து ஒரு வரியை நிதானமாக வாசியுங்கள். எது தடுக்கப்பட்டது, ஏன் தடுக்கப்பட்டது என்பது அங்கேயே எழுதியிருக்கும்.