நீளச் சொல்லின் அழுத்தம் எங்கே?

ஆங்கில அகராதிகளில் உள்ள மிக நீளமான சொற்களில் ஒன்றுக்கு 45 எழுத்துகள். நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்காபிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ். நுண்ணிய சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோய் என்று பொருள். 1935-இல் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே இதைக் கட்டினார்.

மிரள வேண்டாம். நியூமோனோ என்றால் நுரையீரல்; அல்ட்ராமைக்ரோஸ்காபிக், மிக மிக நுண்ணிய; சிலிக்கோ, சிலிக்கா; வால்கேனோ, எரிமலை; கோனியோசிஸ், தூசி நோய். பொருள் தரும் துண்டுகளாக முதலில் உடைத்துவிட்டால், ஒவ்வொரு துண்டையும் அசை அசையாகச் சொல்வது எளிது. இங்கே அசை என்பது ஓர் உயிரொலியைச் சுற்றி அமைந்த ஒலித்துண்டு; யாப்பின் நேரும் நிரையும் அல்ல. அப்படி எண்ணினால் மொத்தம் 19 அசைகள்.

அடுத்தது அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. கிரீன்ஹவுஸ் என்று முதற்பகுதியை அழுத்தினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். 'ஹவுஸ்' மீதும் அழுத்தம் வைத்துப் பிரித்துச் சொன்னால் பச்சை நிற வீடு. இப்படி இரண்டு ஆங்கிலச் சொற்கள் சேர்ந்த தொகைப் பெயர்களில் பெரும்பாலும் முதற்சொல்லுக்கே அழுத்தம்.

கிரேக்க, லத்தீன் வேர்களால் ஆன நீளச் சொற்களில் நிலைமை தலைகீழ். அங்கே அழுத்தத்தை முடிவு செய்வது வால்தான். ஃபோட்டோகிராஃப் என்பதில் 'ஃபோ' அழுந்தும், ஃபோட்டோகிராஃபியில் 'டா', ஃபோட்டோகிராஃபிக்கில் 'கிரா'. அழுத்தம் நகர்ந்ததும் விட்டுச்சென்ற உயிரொலி மங்கிவிடுகிறது. எல்லா அசைகளையும் ஒரே எடையில் உச்சரிக்கும் நம் பழக்கத்தால், கேட்பவர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இலக்கணப் பிழையைவிட இது பேச்சைப் புரியவிடாமல் செய்கிறது என்பது என் எண்ணம்.

'இக்' என முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசை அழுந்தும். 'லஜி' என முடியும் சொற்களிலும் அதற்கு முந்தைய அசைதான்: பயாலஜியில் 'யா', சைக்காலஜியில் 'கா'. காது மூக்கு தொண்டை மருத்துவரைக் குறிக்கும் ஓட்டோரைனோலாரிங்காலஜிஸ்ட் என்ற ஒன்பது அசைச் சொல்லிலும் அதே 'கா'தான். 'ஓசிஸ்' என முடியும் சொற்களில் பெரும்பாலும் 'ஓ' அழுந்தும். ஆகவே அந்த 45 எழுத்துச் சொல்லின் முதன்மை அழுத்தம் பதினெட்டாவது அசையில் விழுகிறது. இந்த 'ஓசிஸ்' விதிக்கு மெட்டமார்ஃபசிஸ் போன்ற விலக்குகளும் உண்டு.

ஐயம் வந்தால் அகராதியைப் பாருங்கள். மேலே இடப்படும் சிறு கோடு முதன்மை அழுத்தம், கீழே இருப்பது துணை அழுத்தம். பல அகராதிகளில் அந்தக் கோடு அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் வரும், பின்னால் அல்ல.