கதவு மூடினால்தான் சம்பளம்

2007-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தேன். மணிக்கு 22 டாலர். மதுரையிலிருந்து பேசிய பெரியப்பா, “மணிக்கே இவ்வளவா! நாளைக்கு எட்டு மணி நேரம், மாசம் இருபத்தஞ்சு நாள்…” என்று பெருக்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெருக்கல் ஏன் தப்பு என்பது தெரிந்தால், விமானத்தில் ஏறுகிறவர்களுக்கும் ஒரு விஷயம் விளங்கும்.

விமானிக்குச் சம்பள மணி ஓடத் தொடங்குவது, கதவு மூடி, பிரேக்கை விடுவித்து, விமானம் இடத்தைவிட்டு நகரும்போதுதான். போய்ச் சேர்ந்த இடத்தில் பிரேக் போட்டதும் மணி நின்றுவிடும். முன்கூட்டியே வந்து வானிலை அறிக்கை படிப்பது, எரிபொருள் கணக்கைச் சரிபார்ப்பது, பனியிலும் மழையிலும் விமானத்தைச் சுற்றிவந்து டயரையும் இறக்கையையும் பார்ப்பது, இரண்டு பயணங்களுக்கு நடுவே காத்துக் கிடப்பது, இவற்றுக்குக் காசு கிடையாது. கோடையில் நியூயார்க்கின் லகார்டியா நிலையத்தை மாலை இடிமழை பிடித்துக்கொண்டால் எல்லாம் தாமதமாகும். பதின்மூன்று மணி நேரம் வேலையில் இருந்துவிட்டு ஐந்து மணி நேரச் சம்பளத்தோடு படுக்கப் போன நாள்கள் எனக்கு உண்டு.

மாதம் 75 மணி நேரத்துக்கான சம்பளம் உறுதி. அதாவது 1,650 டாலர்; வருடத்துக்கு இருபதாயிரத்தைத் தொடாது. வெளியூரில் தங்கும் நேரத்துக்கு மணிக்கு ஒன்றரை டாலர் அளவில் படி உண்டு. வரியும் மருத்துவக் காப்பீடும் போக, முதல் மாதங்களில் சீருடைக்கும் பிடித்துக்கொண்டார்கள். பறக்கக் கற்றுக்கொள்ள வாங்கிய அறுபதாயிரம் டாலர் கடனுக்கு மாதம் அறுநூறுக்கு மேல் தவணை. மிச்சத்தில்தான் வாடகை, சாப்பாடு, எல்லாம்.

டிக்கெட்டில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். விமானத்தின் வாலிலும் அதன் சின்னமே இருக்கும். ஆனால் சிறு நகரங்களுக்குப் போகும் விமானங்களைப் பெரும்பாலும் ஓட்டுவது ஒப்பந்தம் எடுத்த வேறொரு நிறுவனம். அன்றைக்கு அமெரிக்க உள்நாட்டுப் பயணங்களில் ஏறக்குறைய பாதி இப்படித்தான் நடந்தது. எரிபொருள் செலவைப் பொதுவாகப் பெரிய நிறுவனமே ஏற்றுக்கொள்ளும். அடுத்த ஒப்பந்தத்துக்கு விலையைக் குறைத்துச் சொல்ல வேண்டுமென்றால், சிறிய நிறுவனத்தின் கையில் இருக்கும் பெரிய செலவு ஆள்களின் சம்பளம்தான். கத்தி அங்கேதான் விழும்.

பிறகு ஏன் சேர்ந்தோம்? பெரிய நிறுவனத்துக்குப் போக ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு வழி இதுதான். சம்பளமும் வேலை அட்டவணையும் பணிமூப்பைப் பொறுத்தவை. நிறுவனம் மாறினால் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் வரிசையின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். நான் சேர்ந்த ஆண்டின் டிசம்பரில் ஓய்வு வயதை 60-இலிருந்து 65-ஆக உயர்த்தினார்கள். மேலே இருந்தவர்கள் இன்னும் ஐந்து வருடம் இருந்தார்கள். அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்தது. வரிசை அப்படியே உறைந்து நின்றது.

எனக்குப் பணித்தளம் நியூயார்க். அந்தச் சம்பளத்தில் அங்கே வீடு எடுக்க முடியாது. பெற்றோர் பிட்ஸ்பர்க் பக்கம் இருந்தார்கள். அங்கிருந்து இலவசமாக, காலி இருக்கை கிடைத்தால், விமானத்தில் வேலைக்கு வருவேன். இருக்கை இல்லாவிட்டால் விமானி அறையின் மடக்கு நாற்காலி. அதுவும் இல்லாவிட்டால் அடுத்த விமானம். காலை ஆறு மணிப் பணிக்கு முந்தைய நாளே வந்துவிட வேண்டும். வந்து எங்கே தூங்குவது? குயீன்ஸ் பகுதியில் கியூ கார்டன்ஸ் என்று ஓர் இடம், ஜேஎஃப்கே, லகார்டியா இரண்டு நிலையங்களுக்கும் நடுவில். அங்கே இரண்டு படுக்கையறை வீட்டில் அடுக்குக் கட்டில்கள் போட்டு, விமானிகளும் பணிப்பெண்களுமாகப் பலர் பங்குபோட்டுத் தங்குவோம். ‘கிராஷ் பேட்’ என்பார்கள். மாதம் இருநூறு டாலர். கட்டில்கூடச் சொந்தமில்லை, யார் ஊரில் இல்லையோ அவர் கட்டிலில் நம் விரிப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். இரவு பன்னிரண்டுக்கு ஒருவர் வருவார், மூன்றரைக்கு ஒருவருடைய அலாரம் அடிக்கும். அந்த இருநூறும் இல்லாதவர்கள் நிலையத்து ஓய்வறைச் சாய்நாற்காலியில் சீருடையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டுத் தூங்கினார்கள்.

சாப்பாட்டை எப்படியோ சமாளித்தேன். பையில் சின்ன ரைஸ் குக்கர், அம்மா கொடுத்த பருப்புப் பொடி, ஓட்டலில் இலவசக் காலை உணவு. பசியைத் தள்ளிப்போட்டுவிடலாம். தூக்கத்தை அப்படித் தள்ளிப்போட முடியாது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். சம்பளம் குறைந்தால் முதலில் குறைவது விமானியின் தூக்கம். அந்தத் தூக்கத்தை நம்பித்தான் பின்னால் ஐம்பது, எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2009 பிப்ரவரி 12 இரவு, நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விமானம் கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். துணை விமானிக்கு வயது 24. சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டிலிருந்து, மெம்பிஸ் வழியாக, இரவெல்லாம் சரக்கு விமானங்களில் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். மே மாதம் நடந்த விசாரணையில் அவருடைய சம்பளம் வெளியே வந்தது: வருடத்துக்குப் பதினாறாயிரம் டாலர் அளவில். நாடே அதிர்ந்தது, எங்களில் ஒருவரும் அதிரவில்லை. வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை வாரியம் முடிவு செய்தது. இருவரும் களைத்திருந்திருக்க வேண்டும், ஆனால் விபத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்றது. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பெண் வந்த வழி நான் வந்த வழிதான்.

இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் வாஷிங்டனுக்குப் போய்க் கேட்டார்கள். 2010-இல் சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல், துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும். 2014 முதல் பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தூங்கும் வாய்ப்பு. அதற்கு முன்பு எட்டு மணி நேர ஓய்வுகூடப் போதும் என்றிருந்தது. ஓட்டலுக்குப் போகிற வண்டிக்குக் காத்திருப்பதும், குளியலும், சாப்பாடும் அந்த எட்டுக்குள்ளேயே அடங்கும். சரக்கு விமானங்களுக்கு இந்தப் புதிய ஓய்வு விதி பொருந்தாது என்று விலக்கு அளித்தார்கள். பெட்டிகளை ஏற்றிப் பறப்பவருக்கும் கண் அதே கண்தானே? இந்த விலக்குக்கு நியாயம் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சம்பளம் உயர்ந்தது சட்டத்தால் அல்ல, ஆள் பற்றாக்குறையால். கொரோனாவுக்குப் பிறகு பயணிகள் திரும்பி வந்தபோது ஓட்ட ஆளில்லை. 2022-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் மூன்று துணை நிறுவனங்களும் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. நான் வாங்கியதைப்போல் நான்கு மடங்கு. மகிழ்ச்சிதான்.

இப்போது என் பக்கத்தில் உட்காரும் இளைஞர்களிடம் பேசினால் நெருக்கடி ஒரு படி கீழே இறங்கியிருப்பது தெரிகிறது. அவர்களில் பலருடைய கடன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது. 1,500 மணி நேரத்தை எட்டும்வரை பெரும்பாலோர் சிறிய விமானத்தில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கேயும் பல பள்ளிகளில் எஞ்சின் ஓடினால்தான் பணம். மேகம் தாழ்ந்து மாணவர் வராத வாரத்தில் வருமானமே இல்லை. அந்த வருடங்களில் உணவு விடுதியில் பரிமாறியும் வாடகைக் கார் ஓட்டியும் தவணை கட்டியதை அவர்கள் சொல்லக் கேட்கிறேன். மறுநாள் காலை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பறந்தது, முதல்முறையாக விமானத்தைத் தொடும் ஒரு மாணவர்.